திரை பிடிக்கும் கைகள்

பூந்தமல்லியைத் தாண்டிக் காஞ்சிபுரம் பக்கம் போனால், கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியக் கூத்து. ஊரே துரியோதனனுக்காகக் காத்திருக்கும். என் கண் அவருக்கு முன்னால் திரை பிடித்து நிற்கிற இருவர் மேல். வெறும் துணிதான். பின்னால் சலங்கை அதிரும், முகவீணை இழையும், துணிக்கு மேலே கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகள் மட்டும் மினுங்கும். வேடக்காரர் விருத்தத்தை இழுத்து இழுத்துப் பாடுவார். கை கடுத்தாலும் துணி தாழக் கூடாது. தாளம் ஏறுகிற இடத்தில் சட்டென்று விலக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அதைக் காதுதான் கற்றுத்தர வேண்டும்.

அதற்கும் முன்னால், அரிதாரமும் தேங்காயெண்ணெயும் மணக்கும் மறைவில், கட்டை கட்டுகிற வேலை. மரத்தாலான புஜக்கட்டையையும் மார்ப்பதக்கத்தையும் இன்னொருவர் உடம்பில் கயிறு போட்டுப் பிணைக்க வேண்டும். தளர்ந்தால் சுழன்றாடும்போது கழன்றுவிடும். இறுகினால் பாடுகிறவருக்கு மூச்சு முட்டும். தேர்ந்த கை கயிற்றை இழுத்து, வேடக்காரரை ஒருமுறை மூச்சிழுக்கச் சொல்லி, அப்புறம்தான் முடிச்சுப் போடும். எவ்வளவு நிதானம்!

அடுத்த கூத்துக்குக் கொஞ்சம் சீக்கிரமே போங்கள். வேடம் கட்டுவதும் பார்க்க வேண்டியதுதான்.