பின்னச்சிலிருந்து முன்னோக்கி

அண்ணாகிராமத்திலிருந்து கடலூர் போகும் சாலையில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் வெகுநேரம் ஊர்ந்துவிட்டு, வழி விட்டதும் இரண்டாம் கியரில் அழுத்தி மிதித்தேன். காலுக்கு அடியில் சம்மட்டி விழுந்தது போல ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து பின்னச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முன்பக்க மூட்டான கிராஸ் உடைந்து, ஷாஃப்ட்டின் முனை தாரில் ஊன்றிக் கிடக்கிறது. வண்டி பழைய அம்பாசடர். உள்ளே இருந்த இன்ஜின் அதன் சொந்த இன்ஜினைப் போல மூன்று மடங்கு வலுவுள்ளது. இன்ஜினுக்குக் கொட்டிய பணத்தில் சிறு பங்கைக்கூட அதற்குப் பின்னால் இருப்பவற்றுக்கு நான் செலவழித்திருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பேப்பரில் கணக்குப் போட்டேன். இன்ஜினின் முறுக்குவிசை 100 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் 3.5 மடங்கு, பின்னச்சின் கிரவுன்–பினியன் 4 மடங்கு. ஆக 14 மடங்கு பெருகி, பின் சக்கரங்களுக்கு 1400 போய்ச் சேரும். இன்ஜினை 300 ஆக்கினால் சக்கரத்துக்கு 4200. நடுவில் ஷாஃப்ட் மட்டும் தாங்க வேண்டியது 350-லிருந்து 1050 ஆகிவிடும். அந்தக் கிராஸைச் செய்தவர்கள் இந்த எண்ணைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நாதஸ்வரத்தில் பாணி சொல்வது போல, வண்டிக்கு வலு ஏற்றும் இந்தக் கலையிலும் பாணிகள் உண்டு. நம் பக்கத்தில் மூத்தது சோழவரம் பாணி. சென்னைக்கு வடக்கே, உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வரும்வரை அதுதான் களம். ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற சின்ன வண்டிகளின் காலம் அது. ஃபியட்டில் 1089 சிசி, நாற்பது குதிரைத்திறன் சொச்சம். இன்ஜினை மாற்றாமல் ஹெட்டைத் தேய்த்து, கேம்ஷாஃப்ட்டை மாற்றி, கார்புரேட்டரைப் பெரிதாக்கி, எடையைக் குறைத்து எடுக்கும் வேகம். கூடிய சக்தி கொஞ்சம் என்பதால் பழைய கியர்பெட்டியும் பின்னச்சும் பெரும்பாலும் தாக்குப் பிடித்தன. ஹெரால்டில் மட்டும் ஒரு தொல்லை. அதன் பின் அச்சு ஊசலாடும் வகை. கடும் வளைவில் சக்கரம் உள்ளே மடங்கும். அதே கம்பெனியிலிருந்து 1972-இல் வந்த கஸெல்லில் அதை விட்டுவிட்டு நேர் அச்சு வைத்தார்கள்.

கோவைப் பாணி வேறு. பம்பு செட்டும் வார்ப்படமும் செய்த ஊரின் கை அது. அந்த ஊர்ப் பந்தயக்காரர் கரிவரதன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி என்ற பந்தய வண்டியில் மாருதி 800-இன் இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் போனது. நீண்ட ஷாஃப்ட்டே தேவையில்லை. சிக்கலை அவிழ்க்காமல் சிக்கல் எழாதபடி செய்துவிட்டார். அந்த அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் வீதியில் ஓடும் பழைய வண்டிக்கு அது உதவாது.

நமக்கு நெருங்கியது பட்டறைப் பாணி. டாக்சிக்காரர்களுக்காக அம்பாசடரில் பெட்ரோல் இன்ஜினை இறக்கி டீசல் ஏற்றிய கைகள்தான் இதன் ஆசிரியர்கள். கரும்பு டிராக்டருக்கும் போர்வெல் மோட்டாருக்கும் வேலை செய்யும் லேத்துப் பட்டறையில் இரும்புத் தகட்டைக் கடைந்து, ஒரு கம்பெனி இன்ஜினை இன்னொரு கம்பெனி கியர்பெட்டியோடு சேர்த்துவிடுவார்கள். பிறகு 1990-களில் இசுசுவின் 1817 சிசி இன்ஜின் ஐந்து கியர் பெட்டியோடு அம்பாசடருக்கே வந்ததும், பழைய வண்டிகளுக்கு அந்த ஜோடி அப்படியே கிடைத்தது. பட்டறைப் பாணியின் குறை ஒன்றே ஒன்று: கண்ணை நம்பும், அளவுக் கருவியை நம்பாது.

மலேசியத் தமிழ் இளைஞர்கள் கொரோலா கேஇ70-இல் செய்வதில் இந்தக் குறை குறைவு. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டப்பட்டு வரும் 'ஹாஃப் கட்' வண்டியில் இன்ஜின், கியர்பெட்டி, வயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே குடும்பமாக வருகின்றன. அமெரிக்கர்களோ பின்னாலிருந்து தொடங்குவார்கள். 1957-இல் ஃபோர்டு கொண்டுவந்த ஒன்பது அங்குலப் பின்னச்சை இன்றும் தேடிப் பிடித்துப் போடுகிறார்கள். இன்ஜின் அதற்குப் பிறகுதான். நேர்சாலைப் பந்தயச் சங்கமான என்எச்ஆர்ஏ வேகமான வண்டிகளுக்கு ஷாஃப்ட்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் கட்டாயம் என்கிறது. முன் கிராஸிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் அது இருக்க வேண்டும். அன்று என் வண்டியில் அந்த வளையம் இருந்திருந்தால் ஷாஃப்ட் தாரைத் தொட்டிருக்காது. இன்னும் கொஞ்சம் வேகத்தில் போயிருந்தால் முனை தாரில் குத்தி வண்டியையே தூக்கியிருக்கும்.

எந்தப் பாணியானாலும் இலக்கணம் ஒன்றுதான். இன்ஜினும் கியர்பெட்டியும் சேருமிடத்தில் கிளட்ச் ஹவுசிங்கின் துளை கிராங்க் ஷாஃப்ட்டோடு ஒரே மையத்தில் இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் முள் 0.13 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக்கூடாது. ஆடினால் கியர்பெட்டியின் முன் பேரிங்கும் கிளட்சும் சீக்கிரம் போகும், நாம் கிளட்ச் பிளேட்டைத் திட்டிக்கொண்டிருப்போம். ஷாஃப்ட்டின் இரு முனைக் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஷாஃப்ட் சீராகச் சுழலாது, வண்டி அதிரும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் இன்னொன்றும் உண்டு: மிதித்ததும் பட்டை முறுக்கிக்கொள்ளும், பினியன் மூக்கைத் தூக்கும். நிற்கும்போது அளந்த கோணம் ஓடும்போது இருக்காது. அதனால் பினியனை ஒன்றிரண்டு பாகை கீழ்நோக்கி வைப்பார்கள்.

சட்டமும் ஓர் இலக்கணமே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்டிஓ-வின் அனுமதி வேண்டும். முதலில் அந்தப் படிவம், பிறகு ஸ்பேனர்.

வண்டியை இரண்டாம் முறை கட்டும்போது நான் பின்னச்சில்தான் தொடங்கினேன். பண்ருட்டிப் பட்டறையில் கிரவுன் வீல் பற்களில் நீல வண்ணம் தடவி, தடை கொடுத்துச் சுற்றினோம். முதல் சுற்றில் நீலம் பல்லின் ஓரத்தில் பதிந்தது. ஷிம் மாற்றி மீண்டும் சுற்றினோம். மூன்றாம் சுற்றில் பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழுந்தது. பற்களுக்கு இடையிலான தளர்வு, அதாவது பேக்லாஷ், 0.18 மில்லிமீட்டர். மிஸ்திரி ஒன்றும் பேசாமல் டயல் கேஜைத் துணியில் துடைத்து அதன் பெட்டிக்குள் வைத்தார்.