மலையில் எழுதும் பேனை

ஊற்றுப் பேனை வாங்குகிறவர்கள் நிப்பைப் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள். நானுஓயாக்காரர் முதலில் பார்க்க வேண்டியது பேனைக்குள் இருக்கும் காற்றை. நமது ஸ்டேசன் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறும்போது பேனைக்குள் அடைபட்ட காற்று, இங்கே வந்து சேர்வதற்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விரிந்துவிடும். விரியும் காற்று மையை வெளியே தள்ளும். பாதி மையோடு பைக்குள் படுத்துக் கிடந்த பேனையை இங்கே திறந்தால் மூடி நிறைய மைதான். முழுக்க நிரம்பிய பேனையில் விரிவதற்குக் காற்று இராது. ஆகவே மலையேறும் நாளில் நன்றாக நிரப்பி, நிப்பு மேல்நோக்கி இருக்கும்படி சட்டைப் பையில் செருகிக்கொள்ள வேண்டும்.

இந்தக் காற்றைப் பழக்கி எடுத்ததுதான் ஊற்றுப் பேனைக் கலை. 1884இல் லூயிஸ் வாட்டர்மன் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை, மை இறங்கவும் அந்த இடத்துக்குக் காற்று ஏறவும் நிப்பின் அடியிலுள்ள நாக்கிலேயே வழி செய்தது. நானுஓயாவுக்கு ரயில் வந்ததற்கு முந்தைய ஆண்டு அது. இன்றைய நல்ல பேனைகளின் நாக்கில் சீப்புப் பற்களைப் போல மெல்லிய வெட்டுகள் இருக்கும். சிலவற்றில் அவை கழுத்துக்குள் மறைந்திருக்கும். காற்று தள்ளிவிடும் உபரி மையைப் பிடித்துவைத்து, எழுத எழுத விட்டுக்கொடுப்பவை அவைதாம். என் கண்ணுக்குப் பேனையின் பேரழகு அந்த வெட்டுகளில்தான் இருக்கிறது.

அடுத்தது மை தங்கும் இடம். தமிழ்நாட்டில் திருவள்ளூரில் ரங்கா பேனைகளை எபோனைட்டில் கையால் கடைகிறார்கள். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய இறப்பர். எங்கள் குளிரிலும் அது கையைச் சில்லிட வைக்காது. அவற்றில் கழுத்தைத் திருகிக் கழற்றி, உடலுக்குள்ளேயே மை ஊற்றும் பேனைகள் உண்டு. உறிஞ்சு குழாய் வைத்த பேனையைவிடச் சில மடங்கு மை கொள்ளும். ஆனால் மை குறையக் குறைய உள்ளே காற்று பெருகும். குளிர்ந்து கிடந்த பேனையைச் சூடான கை பற்றியதும் அந்தக் காற்று விரிந்து, தாளில் ஒரு சொட்டு விழும். எபோனைட் சூட்டை மெல்லக் கடத்துவதால் இந்தத் தொல்லை குறையும், முற்றாக நீங்காது. ஆகவே அது வீட்டு மேசைக்கு, நீண்ட நேரம் வரைவதற்கு உரிய பேனை. அன்றாடம் சட்டைப் பையில் வைத்துத் திரிய, சிறிய உறிஞ்சு குழாய் வைத்ததோ, பிதுக்கி நிரப்பும் ஹீரோ பேனையோ போதும்.

தமிழுக்கு மெல்லிய நிப்பே உகந்தது. ண, ஞ, இ ஆகிய எழுத்துகளின் சுழிகள் தடித்த நிப்பில் அடைபட்டுப் போகும். மழைக்காலத்தில் இங்கே கொப்பித் தாளிலும் ஈரம் ஏறிவிடுவதால் மை இன்னும் பரவும். ஜப்பான் பேனைகளின் மெல்லிய நிப்பு ஐரோப்பிய மெல்லிய நிப்பைவிடப் பொதுவாக ஒல்லி. சிறிய எழுத்துக்காரருக்கு அது வரம். வாங்குமுன் கையை அழுத்தாமல் ஒரு ‘ண’ எழுதிப் பாருங்கள். சுழிகள் திறந்திருக்க வேண்டும், கோடு எங்கும் விட்டுப்போகக் கூடாது. அழுத்தினால்தான் எழுதும் என்றால் அந்தப் பேனை வேண்டாம்.

அதே நிப்பு வரையவும் உதவும். கிட்டத்துத் தேயிலை நெரைகளை நிப்பின் நேர்ப்பக்கத்தால் ஈரமான கோடுகளாக இழுக்கலாம். தூரத்து மலைமுகட்டுக்கு நிப்பைக் கவிழ்த்துப் பிடித்தால் மயிர்க்கோடு வரும். மிச்சத்தை மை பார்த்துக்கொள்ளும். பார்க்கரின் குயிங்க் கறுப்பு மையில் போட்ட கோட்டை ஈரத் தூரிகையால் தொட்டால் நீலமும் மண்ணிறமுமாகப் பிரிந்து ஓடும்; மூடுபனிக்கு அதைவிட வேறு வண்ணம் தேவையில்லை. கோடு கலையாமல் நிற்க வேண்டுமானால் பழைய முறை இரும்பு மை இருக்கிறது. துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து கறுப்பதே அதன் வித்தை. தேயிலைச் சாயம் பட்ட இரும்பு கறுப்பதும் அதே காரணத்தால்தான். அமிலம் உள்ள மை என்பதால் பேனையை அடிக்கடி கழுவ வேண்டும். அரக்கு கலந்த இந்தியன் இங்கை மட்டும் ஊற்றுப் பேனைக்குள் விடவே கூடாது. காய்ந்தால் நாக்கு அடைத்துக்கொள்ளும்.

எழுத ஒன்று, வரைய ஒன்று என்று இரண்டு பேனை தேடத் தேவையில்லை. நல்ல நாக்கும் மெல்லிய நிப்பும் சிறிய குழாயும் உள்ள ஒரே பேனையை வாங்கி, மிஞ்சும் காசுக்கு இரண்டு போத்தல் மை வாங்குங்கள். மையை மாற்றினால் அதே பேனை கடிதமும் எழுதும், மலையும் வரையும். நிரப்பும் பேனையை நான் விரும்புவது இதற்காகத்தான்.