மின்ட் காட்டும் பரிவு

லினக்ஸில் எந்த டிஸ்ட்ரோவைப் போடலாம் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். டெபியன் என்பார் ஒருவர், ஃபெடோரா என்பார் இன்னொருவர். நிறைய நேரம் வைத்திருப்பவர் ஆர்ச் என்பார். என் ஓட்டு லினக்ஸ் மின்ட்டுக்கு. காரணம், ஒரு நட்சத்திரக் குறி.

டெர்மினலில், நிர்வாகி அதிகாரம் வாங்கித் தரும் சுடோவைப் போட்டு ஒரு கட்டளை கொடுத்தால் கடவுச்சொல் கேட்கும். யூனிக்ஸ் காலத்து வழக்கப்படி, தட்டத் தட்டத் திரையில் ஒன்றுமே விழாது. பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவருக்கு எத்தனை எழுத்து என்பதுகூடத் தெரியக் கூடாதாம். நியாயம்தான். ஆனால் அன்றுதான் லினக்ஸ் முன் உட்காரும் ஆள் என்ன நினைப்பார்? கீபோர்டு போய்விட்டது என்றுதானே! மின்ட்டில் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு நட்சத்திரம் விழுகிறது. இதற்காக அவர்கள் புதிதாக எதையும் எழுதவில்லை. சுடோவுக்குள்ளேயே இருந்த வசதிதான்; அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரியைச் சேர்க்கத் தோன்றியதே, அதுதான் நயம். 2020 தொடக்கத்தில் இதே வசதியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியானது. ஓட்டையை அடைத்தார்கள், நட்சத்திரம் அப்படியே இருக்கிறது.

நெமோ என்ற அவர்களுடைய கோப்பு மேலாளரிலும் இதே குணம். ஒரு ஃபோல்டரை, எதையும் மாற்றவல்ல ரூட் அதிகாரத்தோடு திறந்தால் சாளரத்தின் தலைமாட்டில் ஒரு சிவப்புப் பட்டை வந்து நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் குறுக்கே வந்து ‘நிச்சயமாகவா?’ என்று நச்சரிப்பதில்லை. கையில் கத்தி இருப்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

பதிப்புகளுக்குப் பெண் பெயர்களாக வைக்கிறார்கள், ஆங்கில அகரவரிசைப்படி. 13 மாயா, 19 தாரா, 20.2 உமா. ஏதோ நம் சித்தி பெண்களைக் கூப்பிடுவதுபோல இருக்கிறது!

குறை இல்லாமல் இல்லை. உபுண்டுவின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டியது என்பதால், சந்தைக்கு நேற்று வந்த லேப்டாப்பின் வைஃபை சில்லு இதற்குப் பிடிபடாமல் போகலாம். தோற்றமும் பழைய பாணிதான். விண்டோஸ் 7-இல் பழகிய கைக்கு அதுவே சௌகரியம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 11-ஐ ஏற்க முடியாத கணினி வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்தால், முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு நிறுவிக்கொள்ளுங்கள்.