இன்மை செப்பல்: ஆங்கில இருப்பு வாக்கியங்களும் மலையக மாணவரும்

ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் நூல்களிலே ‘தெயர் இஸ்’, ‘தெயர் ஆர்’ என்று தொடங்கும் வாக்கியங்களுக்கு ஒதுக்கப்படும் இடம் சிறிது. மேசையின்மேல் ஒரு புத்தகம் உண்டு என்பதை உடன்பாடாகச் சொல்லவைத்து, அதனையே எதிர்மறையாக மாற்றவைத்து, பின்னர் வினாவாக்கிப் பாடத்தை முடித்துவிடுவது வழக்கம். உடன்பாட்டுக்கும் எதிர்மறைக்கும் இடையேயுள்ள உறவு ‘நொட்’ என்னும் ஒரு சொல்லைச் சேர்ப்பதோடு தீர்ந்துவிடுகின்றது என்ற எண்ணத்தை இம்முறை மாணவர் மனத்திற் பதிக்கின்றது. இவ்வெண்ணம் இலக்கண அடிப்படையில் தவறானது என்பதும், தமிழ்மொழி மூலம் பயிலும் மலையக மாணவருக்கு அது குறிப்பான தீங்கு விளைப்பது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

நோட்டன் பிரிட்ஜை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அட்டனுக்கு மேற்கே, கெகல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அணையருகே, தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் இது. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரால் இயங்கும் விமலசுரேந்திர மின்நிலையம் 1965 முதல் இங்குள்ளது. இங்கு தேங்கிச் செல்லும் நீரே 1950 முதல் பழைய இலக்சபான நிலையத்தை இயக்கிவருகின்றது. ஆயின், மின்சாரம் பிறக்கும் இம்மலைகளின் பெருந்தொகையான லயங்கள் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கோடு காலங்கழித்தன. ‘ஊரில் மின்நிலையம் உண்டு’, ‘லயத்தில் மின்சாரம் இல்லை’ என்னும் இரண்டும் ஒருங்கே மெய்யாயிருந்த இடத்திலே, இருப்பு வாக்கியத்தைக் கற்பிக்க மேசையையும் புத்தகத்தையும் தேடவேண்டியதில்லை.

முதலில் ஆங்கிலத்தின் இயல்பை நோக்குவோம். இவ்வாக்கியங்களின் தொடக்கத்தில் நிற்கும் ‘தெயர்’ இடத்தைச் சுட்டும் ‘அங்கே’ அன்று. அது எழுவாயின் இருக்கையை நிரப்பும் வெறுஞ்சொல்; உச்சரிப்பிலும் அழுத்தம் பெறுவதில்லை. ஒட்டோ எஸ்பர்சன் 1924 இல் வெளியிட்ட தமது இலக்கணத் தத்துவ நூலில் இவற்றை இருப்பு வாக்கியங்கள் எனத் தனித்து நோக்கினார். இவற்றில் வரும் பெயர் பெரும்பாலும் கேட்போனுக்குப் புதியதாக, வரையறை பெறாததாக இருத்தல் வேண்டும் என்னும் கட்டுப்பாட்டை 1974 இல் மில்சார்க் தமது ஆய்வேட்டில் விரிவாக ஆராய்ந்தார். ‘தெயர் இஸ் எ டொக்டர்’ எனலாம். ‘தெயர் இஸ் த டொக்டர்’ என்பது இப்பொருளில் வராது.

எதிர்மறைக்கு வரும்போது ‘நொட்’ சேர்த்தால் மட்டும் போதாது என்பது புலனாகும். ‘தெயர் ஆர் சம் புக்ஸ்’ என்பதன் எதிர்மறை ‘தெயர் ஆர் நொட் சம் புக்ஸ்’ அன்று. ‘சம்’ நீங்கி ‘எனி’ வரவேண்டும், அல்லது ‘தெயர் ஆர் நோ புக்ஸ்’ என முழு வாக்கியமும் வேறு வடிவம் கொள்ளவேண்டும். இதனினும் முக்கியமானது பயன்பாட்டு வேறுபாடு. உடன்பாட்டு வாக்கியம் புதிய பொருளொன்றைப் பேச்சிற்குள் கொண்டுவருகின்றது. எதிர்மறை வாக்கியமோ எதையும் கொண்டுவருவதில்லை. இருக்கவேண்டும் என்று முன்னரே ஒருவர் எதிர்பார்த்ததை அது மறுக்கின்றது. நோட்டன் பிரிட்ஜில் திமிங்கிலம் இல்லை என்று எவரும் சொல்வதில்லை. மேசையின்மேல் யானை இல்லை என்று எழுதவைக்கும் பயிற்சி இலக்கண வழுவற்றதாயினும் மொழியாகாது.

தமிழ் இலக்கண மரபு இவ்வேறுபாட்டை அறிந்தே இருந்தது எனலாம். தொல்காப்பியர் வினையியலில் இருதிணைக்கும் பொதுவான வினைகளை எண்ணும்போது ‘இன்மை செப்பல்’ என்பதனைச் சேர்த்தார். ‘உண்டு’ அவ்வெண்ணிக்கையில் இடம்பெறவில்லை. பின்வந்த நன்னூலாரே உண்டு என்பதனையும் இல்லை என்பதனோடு சேர்த்து ஐம்பால் மூவிடத்திற்கும் பொதுவாக்கினார். இன்மை உண்மையின் வெறும் மறுபக்கமாக இலக்கணத்தில் நுழையவில்லை என்பது இதனாற் பெறப்படும். (உண்மை என்ற சொல்லே முன்னர் உளதாந்தன்மையைக் குறித்தது. மெய் என்னும் பொருள் அதன்மேல் ஏறிவிட்டதால் இக்கட்டுரையில் ‘இருப்பு’ என்ற சொல்லைக் கொண்டுள்ளோம்.)

ஆகவே மாணவன் வெறுங்கையோடு வகுப்பறைக்கு வருவதில்லை. அவனிடமுள்ள ‘இல்லை’ மிகப் பெரிய சொல். அது காலம் காட்டுவதில்லை. திணை, பால், இடம் என்பவற்றால் வேறுபடுவதில்லை. இருப்பை மறுக்கும், உடைமையை மறுக்கும், வினையை மறுக்கும், வினாவுக்குத் தனித்து விடையுமாகும். பேச்சுவழக்கில் ‘அல்ல’ என்பதன் வேலையையும் அதுவே செய்துவிடுகின்றது. இத்தனையையும் ஆங்கிலம் வெவ்வேறு வடிவங்களாகப் பகிர்ந்து வைத்துள்ளது. எங்கே பகிர்வு நிகழ்கின்றது என்பதை ஆசிரியர் காட்டாதவிடத்து மாணவன் இடறுகின்றான். அந்த இடறல் ‘கவனக்குறைவு’ என்ற பெயரில் சிவப்பு மையால் வெட்டப்படுகின்றது.

தோட்டத்து டிஸ்பென்சரியைப் பற்றி முறைப்பாடு எழுதும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். ‘டிஸ்பென்சரியில் டொக்டர் இல்லை’ என்பது தமிழில் அவர் கருத்து. இதனை ‘த டொக்டர் இஸ் நொட் இன் த டிஸ்பென்சரி’ என்று அவர் எழுதினால், இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆயினும் அவர் சொல்ல எண்ணியது அதுவன்று. ‘த’ என்னும் சொல், டொக்டர் ஒருவர் இருக்கின்றார், அவர் இப்பொழுது வெளியே சென்றுள்ளார் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகின்றது. ‘தெயர் இஸ் நோ டொக்டர் இன் த டிஸ்பென்சரி’ என்பதே அப்படி ஒருவர் நியமிக்கப்படவே இல்லை என்பதைச் சொல்லவல்லது. முதல் வாக்கியத்திற்கு அலுவலகம் ‘சிறிது பொறுத்திருங்கள், வந்துவிடுவார்’ என்று பதிலெழுதிக் கோப்பை மூடலாம். இரண்டாவதற்கு அப்படிப் பதிலெழுத இயலாது. தமிழில் இவ்வேறுபாட்டைச் சொல்லின் வரிசை ஓரளவு காட்டும்: ‘டொக்டர் டிஸ்பென்சரியில் இல்லை’ என்னும்போது தெரிந்த டொக்டரைப் பற்றியே பேசுகின்றோம். இந்த வரிசை மாற்றம் மாணவன் நாள்தோறும் கையாள்வது. அதனைச் சுட்டிக்காட்டிவிட்டு ஆங்கிலத்திற்குச் சென்றால் ‘த’ ஏன் அங்கே வரக்கூடாது என்பது ஒரு பாடவேளையில் விளங்கிவிடும்.

காலத்தைப் பொறுத்தும் இதுவே நிலை. ‘மூன்று வருடமாக இங்கிலீஷ் ரீச்சர் இல்லை’ என்பதில் ‘ஆக’ என்னும் உருபு காலத்தின் நீட்சியைச் சுமக்கின்றது. ‘இல்லை’ அசையாது நிற்கின்றது. மாணவன் ‘தெயர் இஸ் நோ டீச்சர்’ என்று எழுதி நிறுத்திவிடுகின்றான். ‘தெயர் ஹாஸ் பீன் நோ டீச்சர் போர் த்ரீ இயர்ஸ்’ என்ற வடிவம் பயிற்சி நூல்களின் இருப்பு வாக்கியப் பாடத்தில் வருவதில்லை; முற்றுப்பெற்ற நிகழ்காலம் வேறொரு பாடத்திலே, வேறு எடுத்துக்காட்டுகளோடு கிடக்கின்றது. குறை நேற்று ஏற்பட்டதா, மூன்று வருடமாகத் தொடர்வதா என்பதே முறைப்பாட்டின் உயிர். அந்த உயிரைச் சொல்லும் வடிவம் பாடத்திட்டத்தின் பிரிப்பினால் அவனுக்குக் கிட்டாமற் போகின்றது.

‘எங்களுக்குக் காணி இல்லை’ என்ற வாக்கியம் இன்னுஞ் சிக்கலானது. நான்காம் வேற்றுமை கொண்டு உடைமையை இருப்பாகவே சொல்வது தமிழின் இயல்பு. உடைமை, இருப்பு, இடம் ஆகிய மூன்று வகை வாக்கியங்களின் உறவை ஜோன் லயன்ஸ் 1967 இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். தமிழ் மாணவனுக்கு அவ்வுறவு புதிதன்று. ஆங்கிலம் இங்கு தெரிவு செய்யச் சொல்கின்றது. ‘வீ ஹாவ் நோ லாண்ட்’ என்றால் இன்மைக்கு உரியவர் எழுவாயாக முன்னே நிற்கின்றார். ‘தெயர் இஸ் நோ லாண்ட்’ என்றால் மனிதர் மறைந்து, காணியே உலகில் இல்லாதது போன்ற தோற்றம் எழுகின்றது. பின்னையது பெரும்பாலும் அதிகாரியின் வாக்கியம். முன்னையதை எழுதவேண்டியவருக்குப் பின்னையதைக் கற்பித்து அனுப்புவது இலக்கணக் குறைபாடு மட்டுமன்று.

இன்மை கூறும் எந்த வாக்கியத்திற்கும் சொல்லப்படாத ஓர் எல்லை உண்டு. மணிமேகலையில் அளவைவாதி எண்ணும் அளவைகளுள் அபாவமும் ஒன்று. எதனுடைய இன்மை, எவ்விடத்து இன்மை என்ற இரண்டையும் கூறாது இன்மையைக் கூறவியலாது என்பது இந்திய தருக்க மரபின் தெளிவு. மலையகத்தின் வரலாற்றிலே இவ்வெல்லையை வரைந்தவர் யார் என்பது நோக்கற்பாலது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியவை என ஊகித்துக்கொண்டது. கண்டிக் கிராமத்தவனிடம் ‘உறுதி இல்லை’ என்பது ‘நிலம் உன்னுடையது அன்று’ என மாறியது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின், பாட்டனின் பிறப்பிடத்துக்குச் சான்று கேட்டது. ‘சான்று இல்லை’ என்ற இருப்பு வாக்கியம் ‘பிரசை அல்லர்’ என்ற அடையாள வாக்கியமாகத் தோட்டத் தொழிலாளர்மீது வந்திறங்கியது. அடுத்த ஆண்டிலே தேர்தற் சட்டத் திருத்தம் வாக்காளர் இடாப்பிலும் அவர்களை இல்லாதவராக்கிற்று. இன்மையிலிருந்து அன்மைக்குத் தாவும் இந்தத் தாவலைத் தமிழ் இரு சொற்களாற் பிரித்துக் காட்டவல்லது. இலக்கண வகுப்பு அதனைக் காட்டினால் மாணவன் ஆங்கிலத்தோடு வேறொன்றையும் கற்றுக்கொள்வான்.

இம்மலைகளில் ஆங்கிலமும் தமிழும் சந்தித்த முறையும் இங்கு நினைவுகூரத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோட்டத்துச் சின்னத்துரைமாருக்கெனக் கொழும்பில் வெளிவந்த பெர்குசனின் தமிழ்க் கையேட்டின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். ஏவல்வினைக்கு இருப்பு வாக்கியம் தேவைப்படுவதில்லை. ஏவுபவன் உலகை வருணிக்கவேண்டியவன் அல்லன், ஏவப்படுபவனுக்கு வருணிக்கும் உரிமை வழங்கப்படவுமில்லை. அந்த ஆங்கிலத்தையே தொழிலாளர் வாழ்வை எடுத்துரைக்கும் கருவியாகக் கொண்டார் சி. வி. வேலுப்பிள்ளை. 1947 இல் தலவாக்கொல்லைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகத் தெரிவான அவர், மறு ஆண்டில் வந்த சட்டத்தின் பொருளை அறிந்தே எழுதியவர். ஆனால் ஒருவரின் சாதனை கல்வி ஏற்பாட்டுக்கு ஈடாகாது. 1945 இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை உள்ளடக்கவில்லை. அவற்றை அரசு பெருமளவில் ஏற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியிலேதான்.

ஆங்கிலம் ஆதிக்க மொழி, அதன் நுணுக்கங்களில் நேரம் செலவிடுவது வீண் என்று முற்போக்கு வட்டங்களிற் கூறுவோர் உளர். வழக்கும் வேலையும் கோப்பும் அம்மொழியில் நடக்கும்வரை, நுணுக்கத்தை விடுவது எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுப்பதேயாகும். இலக்கணமே வேண்டாம், பேசிப் பழகினாற் போதும் என்னும் மறுதரப்புக்கும் நமது விடை சுருக்கமானது: பேசிப் பழக ஆங்கிலம் பேசுவோர் சூழ இருக்கவேண்டும். நோட்டன் பிரிட்ஜ் மாணவனுக்கு அச்சூழல் இல்லை. அவனிடம் உள்ளது தமிழ் இலக்கண அறிவு.

அவ்வறிவிலிருந்து தொடங்கும் பயிற்சி எவ்வாறு அமையலாம்? மேசைப் புத்தகத்தை நீக்கிவிட்டு, மாணவர் தம் தோட்டத்தில் உள்ளவை ஐந்து, இருக்கவேண்டியும் இல்லாதவை ஐந்து எனத் தமிழில் எழுதட்டும். இல்லாதவை ஒவ்வொன்றின் எதிரேயும் மூன்று வினாக்கள்: அது நியமிக்கப்படவே இல்லையா, இருந்தும் இப்போது இங்கில்லையா? எவ்வளவு காலமாக? யாருக்கு இல்லை? விடைகளை எழுதிய பின்னரே ஆங்கில வடிவத்தைத் தெரிவு செய்யவேண்டும். ‘தெயர் இஸ் நோ’, ‘இஸ் நொட் இன்’, ‘தெயர் ஹாஸ் பீன் நோ’, ‘வீ ஹாவ் நோ’ என்னும் நான்கும் அப்போது கரும்பலகையில் அருகருகே நிற்கும். எந்த வாக்கியத்துக்கு எது பொருந்தும் என்று மாணவர் தமக்குள் வாதிடுவர். ஒரே குறையை இருவர் இரு வடிவத்தில் எழுதியிருந்தால், ஆசிரியர் திருத்துவதற்கு முன் இருவரையும் காரணம் கேட்கவேண்டும்.