பாயிரமும் பதைப்பும்: திகிற்பட முன்னோட்டங்களில் கதைவைப்பும் காமிரா நோக்கும்

நூலின் முகப்பில் நிற்பது பாயிரம். திரைப்படத்தின் முகப்பில் நிற்பது முன்னோட்டம். இவ்விரண்டையும் ஒருங்குவைத்து எண்ணுதல் புலவர் சிலர்க்கு உவப்பாக இராது. முன்னோட்டம் வாணிகத்தின்பொருட்டுச் செய்யப்படும் விளம்பரம். அதனைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளுதல் வீண் என்பர் அவர். ஆயின், பாயிரத்திற்கு நம் இலக்கண நூலார் வழங்கிய பெயர்களுள் புனைந்துரை என்பதும் ஒன்றன்றோ? ஆக்கியோனையும் நூலையும் சிறப்பித்துக் கேட்போரை ஈர்த்தல் பாயிரத்தின் தொழிலென அவர் வெளிப்படவே கொண்டனர். ஆதலின், விளம்பரத் தன்மை ஒன்றனையே காட்டி முன்னோட்டத்தைத் தள்ளுதல் பொருந்தாது. இரண்டு மணி நேரப் படத்தின் பொருளை இரண்டு மணித்துளிகளில் உணர்த்தியும் உணர்த்தாமலும் நிற்கவேண்டிய ஒரு சிறுவடிவம் அது. திகிற்படத்தின் முன்னோட்டத்திலோ இவ்விடர்ப்பாடு இன்னும் மிகுகின்றது. அச்சத்தை முன்னரே ஊட்டவும் வேண்டும். படத்தில் ஊட்டவேண்டிய அச்சத்தைச் செலவழித்துவிடவும் கூடாது. இம்முரணை மேலைநாட்டு முன்னோட்டங்கள் சில எங்ஙனம் தீர்த்தன, சில எங்ஙனம் தீர்க்கத் தவறின என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு நிலைக்களன் நான்கு கூறும்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. எதனைக் கண்டு அஞ்சுகின்றோம் என்னும் வினாவிற்கு இப்பகுப்பு இன்றும் விடையளிக்கின்றது. திகிற்படங்களுட் பெரும்பாலன இந்நான்கனுள் ஒன்றில் அடங்கும். ஆயின், முன்னோட்டத்தின் அச்சம் கண்டதனால் எழுவதன்று. காணப்போவதனை எண்ணி எழுவது. அணங்கோ விலங்கோ இன்னும் வாராத இடத்தில், வரும் என்னும் உணர்ச்சியே அங்கு மெய்ப்பாட்டைத் தோற்றுவிக்கின்றது. அதனை அச்சம் என்னாது பதைப்பு என இக்கட்டுரையில் வழங்குவோம். 1979-இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய 'ஏலியன்' படத்தின் முன்னோட்டம் இதற்கு எளிய சான்று. உரையாடல் ஒரு சொல்லும் இல்லை. முட்டை ஒன்று வெடிக்க ஒளி கசிகின்றது; அடுத்து மாந்தர் ஓடுகின்றனர், திரும்பிப் பார்க்கின்றனர், அலறுகின்றனர். அவர்கள் எதனைக் கண்டு ஓடுகின்றனரோ அவ்விலங்கு தன் முழு உருவில் ஓரிடத்தும் காட்டப்படவில்லை. நிலைக்களனை மறைத்து, மெய்ப்பாட்டை மட்டும் காட்டும் முறை இது.

மறைத்தலே பதைப்பின் உயிர் என்று இதனால் முடிவு கட்டிவிடலாமோ எனின், கட்டலாகாது. 1960-இல் வெளிவந்த ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்து முன்னோட்டம் அம்முடிவைத் தகர்க்கின்றது. ஆறு மணித்துளிக்கும் மேற்பட நீளும் அதில் படத்தின் காட்சி ஒன்றேனும் இல்லை. இயக்குநரே தோன்றுகின்றார், வழிப்போக்கர் விடுதியையும் அதன் பின்னுள்ள பழைய வீட்டையும், வீடு வாங்க வந்தவர்க்குக் காட்டும் தரகரைப் போல, நமக்குச் சுற்றிக் காட்டுகின்றார். பின்னணி இசை விளையாட்டுத் தன்மை உடையது. அவரோ கொலை நடந்த இடங்களையே காட்டிச் செல்கின்றார். இந்தப் படிக்கட்டின் மேல்தான் இரண்டாம் கொலை நிகழ்ந்தது என்கின்றார்; அது எவ்வாறு நிகழ்ந்தது எனச் சொல்லத் தொடங்கிக் கையால் ஏதோ காட்டி, முகம் சுளித்து, சொல்லாமலே நகர்ந்துவிடுகின்றார். தாயின் அறையில் அலமாரியைத் திறந்து பார்த்து வாளா மூடுகின்றார். படுக்கையில் ஓர் உடம்பின் பதிவு இருத்தலைச் சுட்டுகின்றார். சுவரில் தொங்கும் படம் ஒன்றிற்குப் பெருஞ்சிறப்பு உண்டு என்கின்றார். என்ன சிறப்பு என்பதனை விளக்கினாரல்லர். (நூலாசிரியனே தன் நூலுக்குப் பாயிரம் கூறுதல் தற்புகழ்ச்சியாம் என நம் மரபு விலக்கும். ஹிட்ச்காக் இம்மரபை அறியார். எனினும், தம்மைப் புகழாமல் தம் படத்துக் கொலைகளை மட்டும் புகழ்ந்து அக்குற்றத்தினின்றும் தப்பிவிடுகின்றார்!)

இங்குக் காமிராவின் ஒழுக்கம் நோக்கத்தக்கது. நெடும்பொழுதும் அது பேசுவோர்க்குச் சற்றுத் தள்ளி நின்று, அவர் நடக்க நடந்து, அவர் நிற்க நின்று, அமைந்த விருந்தினனைப் போல ஒழுகுகின்றது. நாமும் அவ்வமைதிக்குப் பழகிவிடுகின்றோம். இறுதியில் குளியலறைக்கு வருகின்றார். எல்லாம் துப்புரவாகக் கழுவப்பட்டுவிட்டது என்னும் குறிப்போடு திரைச்சீலையைப் பற்றிச் சட்டென இழுக்கின்றார். அந்நொடியில் விருந்தினனின் ஒழுக்கம் முறிகின்றது. அலறும் பெண்முகம் ஒன்று மிக அண்மையில் திரையை நிறைக்கின்றது. பெர்னார்ட் ஹெர்மனின் நரம்பிசை கீச்சிடுகின்றது. ஆறு மணித்துளி காத்துவந்த தொலைவை ஒரு வெட்டு விழுங்கிவிடுகின்றது. அண்மைக் காட்சி தன்னளவில் அச்சம் தருவதன்று; அதற்கு முன் எத்துணைத் தொலைவு காக்கப்பட்டது என்பதே அதற்கு ஆற்றல் தருகின்றது. சுவையான செய்தி ஒன்று: அலறுபவர், படத்தில் அவ்விடத்துக் கொலையுண்ணும் ஜானட் லீ அல்லர், தங்கையாக நடித்த வேரா மைல்ஸ் பொய்ம்முடி தரித்து அதில் தோன்றினார்.

கொலை இரண்டு உண்டு, ஒன்று படிக்கட்டில், மற்றொன்று குளியலறையில் என்று முன்னோட்டமே கூறிவிட்டது. பின்னர்ப் படம் பார்ப்பார்க்குப் பதைப்புக் குறைந்ததா? குறையவில்லை, மிகுந்தது. நிகழ்ச்சியை அறிந்தமை பதைப்பைக் கொல்லாது என்பதற்குத் தமிழ் மாணவர் சிலப்பதிகாரத்தை விட்டு வெளியே செல்லவேண்டுவதில்லை. அதன் பதிகம் கதை முழுமையும் கூறிவிடுகின்றது: பொற்கொல்லன் சூழ்ச்சியும் கோவலன் கொலையும் மதுரை எரிந்தமையும் நூலுக்குள் புகுமுன்னரே நமக்குத் தெரியும். (பதிகம் பிற்காலத்தார் யாத்தது என்பாரும் உளர், அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா. எவர் யாத்ததாயினும், நூற்றாண்டுகளாகத் தமிழர் பதிகத்தோடு கூட்டியே இந்நூலைக் கற்றனர்.) அறிந்தமையால்தான், கோவலன் சிலம்புடன் கடைத்தெருவுக்குச் செல்லும் பொழுது நம் நெஞ்சு நடுங்குகின்றது. அவன் எதிரே ஏறு பாய்ந்து வருவதைத் தீநிமித்தமென அவன் உணரான், நாம் உணர்கின்றோம். மாந்தர் அறியாததைக் காண்போர் அறிந்திருத்தலே பதைப்பு, அறியாதிருத்தல் வெறும் அதிர்ச்சி என ஹிட்ச்காக் தாமும் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நிகழ்த்திய உரையாடலில் வேறுபடுத்திக் காட்டினார்.

அவ்வாறாயின் முன்னோட்டம் எதனையும் சொல்லிவிடலாமோ? 2008-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'குவாரன்டீன்' என்னும் படம் இவ்விடத்தில் நமக்குப் பாடமாகின்றது. முந்திய ஆண்டு வந்த 'ரெக்' என்னும் ஸ்பானியப் படத்தின் மறுவாக்கம் அது. அடுக்குக் கட்டடம் ஒன்றனுள் அகப்பட்ட செய்தியாளப் பெண்ணொருத்தியையும் அவளுடன் வந்த ஒளிப்பதிவாளனின் காமிராவையும் மட்டுமே கொண்டு கதை நிகழ்கின்றது. இருளில் பார்க்கும் பச்சை நிறக் காட்சியில், தரையில் வீழ்ந்து கிடக்கும் அப்பெண்ணை ஏதோ ஒன்று பின்னிருந்து இருளுக்குள் இழுத்துச் செல்கின்றது. இது படத்தின் கடைசிக் காட்சி. இதனையே முன்னோட்டத்திலும் காட்டினர், சுவரொட்டியிலும் பொறித்தனர்.

பதிகம் கோவலன் இறத்தலைக் கூறியது. இம்முன்னோட்டம் இப்பெண்ணின் முடிவைக் கூறியது. முன்னது நூலைக் கெடுக்கவில்லை. பின்னது படத்தைக் கெடுத்தது. காரணம் யாது? பதிகம் நிகழ்ச்சியைச் சொல்லால் கூறியது. நிகழ்ச்சியை நுகரும் நுகர்ச்சியைக் கொலைக்களக் காதைக்கே விட்டுவைத்தது. 'சைக்கோ'வும் அவ்வாறே, இடத்தைக் காட்டி, உருவைக் காட்டாது விட்டது. 'குவாரன்டீன்' முன்னோட்டமோ நிகழ்ச்சியைக் கூறவில்லை. உருவைக் கையிலெடுத்துக் கொடுத்துவிட்டது. இன்னொரு கேடும் உண்டு. படம் பார்ப்பவன் அவ்வுருவுக்காகக் காத்திருக்கின்றான். பெண்ணுக்கு இடையில் இடுக்கண் வருந்தோறும், அப்பச்சைக் காட்சி இன்னும் வரவில்லையே, ஆகவே இவள் இப்பொழுது இறவாள் என்று அவன் கணக்கிட்டு அமைதி கொள்கின்றான். பதைப்பைத் தரவேண்டிய உரு அதனை ஆற்றும் மருந்தாகிவிடுகின்றது. விற்பனையாளர் தம்மிடமுள்ள மிகச் சிறந்த காட்சியையே கடையின் முன் தொங்கவிடுவர். அஃது அவர் இயல்பு. அதனைத் தடுப்பார் ஒருவரும் அங்கு இல்லாது போயினர் என்பதே எம் வருத்தம்.

உருவைக் கொடுத்தலே குற்றம் என இதனினின்றும் ஒரு விதி செய்யலாமோ எனின், ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' குறுக்கே வந்து நிற்கின்றது. ஸ்டீபன் கிங் 1977-இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி 1980-இல் வந்த இப்படத்தின் முதல் முன்னோட்டம் ஒரே காட்சி. விடுதி ஒன்றின் கூடம். எதிரே இரண்டு மின்தூக்கிக் கதவுகள். இரு பக்கத்தும் இருக்கைகள். காமிரா அசையவில்லை. படத்தின் பெயரும் கலைஞர் பெயர்களும் கீழிருந்து மேலாக நகர்கின்றன. இசை மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே போகின்றது. பெயர்கள் தீர்ந்தபின், கதவின் இடுக்கிலிருந்து குருதி வெள்ளம் மெதுவாகப் பெருகி வருகின்றது, இருக்கைகளைப் புரட்டுகின்றது, காமிராவின் கண்ணையே மூடுகின்றது. முடிந்தது. கதை இல்லை, மாந்தர் இல்லை, உரை இல்லை.

காமிரா அசையாமை இங்கு ஏன் இத்துணை வலியது? திகிற்படக் காமிரா பொதுவாக மாந்தரின் கண்ணாக நின்று தேடும், ஒளியும், ஓடும். இக்காமிராவோ ஓடவில்லை. வெள்ளம் தன்மேல் வருவதனைக் கண்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. ஓடவேண்டிய கண் ஓடாதிருத்தலால், ஓடவேண்டும் என்னும் துடிப்பு முழுவதும் காண்போர்மேல் விழுகின்றது. பெயர்கள் நகர்வதும் வெறும் அறிவிப்பன்று. எழுத்தைப் படிக்கும் கண் அமைதியாகப் படிக்கின்றது. செவியோ அமைதியின்றித் தவிக்கின்றது. இவ்விரு புலனும் தம்முள் மாறுபட நிற்கும் அந்நேரத்தைப் போலப் பதைப்பு மிக்க மணித்துளி முன்னோட்ட வரலாற்றில் அரிது என்பது எம் கருத்து.

இவ்வுரு படத்தினுள்ளும் வருகின்றது. 'குவாரன்டீன்' நேர்ந்த கேடு இதற்கு ஏன் நேரவில்லை? கதையில் இதற்கெனத் தனி இடம் இன்மையே காரணம். படத்தின் தொடக்கத்திலேயே சிறுவனின் உள்ளத்தில் தோன்றும் மாயக் காட்சியாக அது சிறிது சிறிதாக வந்து போகின்றது. இன்ன நிகழ்ச்சிக்குப் பின் இது வரும் என எவரும் கணக்கிட இயலாது. கண்ணகி கண்ட தீக்கனாவைப் போல, நிகழ்ச்சியாகாத உரு. ஆதலின் முன்னரே கொடுத்தாலும் தீராத உரு. எனவே கேள்வி உருவைக் காட்டலாமா கூடாதா என்பதன்று. அவ்வுரு கதையில் எங்கே நிற்கின்றது என்பதே.

இக்கால முன்னோட்டங்களின் பொதுப்போக்கைப் பற்றி மிகுதியும் கூறவேண்டுவதில்லை. 2014-இல் அமெரிக்கத் திரையரங்க உரிமையாளர் சங்கம் இரண்டு மணித்துளி எல்லையை நெறியாக அறிவித்தது. 'சைக்கோ' போன்ற நெடிய உலாவிற்கு இனி அங்கு இடமில்லை. மோனம், இருள், திடீர் முழக்கம், மீண்டும் இருள்; தலைப்புத் தோன்றி எல்லாம் முடிந்ததென நாம் மூச்சு விடும்பொழுது இறுதியாக ஓர் அலறல். இவ்வைப்பு முதலிற் கண்டார்க்கு வியப்பளித்திருக்கும்; இன்றோ எதுகை முன்னரே தெரிந்த பாட்டைப் போல நம்மைத் தொடுவதில்லை.

இவ்வாய்பாட்டைக் கைக்கொண்டும் அதனை மீறிய ஒன்று, 2018-இல் வந்த 'ஹெரடிடரி' படத்தின் முன்னோட்டம். ஆரி ஆஸ்டர் இயக்கிய இப்படத்தில் பாட்டி இறந்தபின் ஒரு குடும்பத்தை அணங்கு சூழ்கின்றது. முன்னோட்டம் மில்லி ஷபீரோ நடித்த சிறுமியையே நடுவாக நிறுத்துகின்றது. இறந்த புறாவின் தலையை அவள் கத்தரியால் துண்டிக்கின்றாள். நாவால் 'டொக்' என ஓர் ஒலி எழுப்புகின்றாள். இவளே அச்சத்தின் நிலைக்களன், படம் இவளைப் பற்றியதே என்று எவரும் கொள்வர். படத்திலோ மூன்றில் ஒரு பங்கு கழியுமுன்னரே அச்சிறுமி இறந்துவிடுகின்றாள்.

நுதலிய பொருளை உணர்த்துதல் பாயிரத்தின் கடன். அதனைத் திரித்துணர்த்துதல் பொய்யன்றோ எனச் சிலர் வினவலாம். வினா நேர்மையானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. முன்னோட்டத்திலுள்ள காட்சிகள் படத்தினின்றும் எடுக்கப்பட்டனவே. வைப்புமுறை மட்டும் வேறு. ஆயினும், உறுப்பெல்லாம் மெய்யாக இருந்து உடம்பு பொய்யாதலும் உண்டு. யாம் இதனைக் குற்றமெனக் கொள்ளாமைக்குக் காரணம் அந்நாவொலியே. சிறுமி இறந்த பின்னும் படத்தில் அவ்வொலி மீண்டும் கேட்கின்றது. ஒருவரும் இல்லாத அறையில் தமையன் அதனைக் கேட்டு விறைக்கின்றான். அவள் நீங்கியும் நீங்கவில்லை. முன்னோட்டம் கதையால் சொன்னது பொய். ஒலியால் சொன்னது மெய். அரங்கில் அவ்விடத்தை அடையும்பொழுது, முன்னோட்டத்தில் கேட்ட ஒலி அவ்வறையிலும் நம்முடன் இருந்ததென உணர்கின்றோம்.

இவ்வொலியின் ஆற்றலுக்குப் புறச்சான்றும் ஒன்று உண்டு. 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத் திரையரங்கு ஒன்றில், முயற்குட்டி பற்றிய சிறுவர் படத்திற்கு முன்னர் இம்முன்னோட்டம் தவறுதலாகக் காட்டப்பட்டது. பெற்றோர் மக்களை அழைத்துக்கொண்டு வெளியே விரைந்தனர் எனச் செய்தி வந்தது. திகிற்படத்தை எதிர்நோக்கி வாராதவரையும் அது வென்றது.

காமிராவும் இங்குப் பொய்யுரைக்கவில்லை. தாய் சிற்றில்லங்களைச் செய்யும் கலைஞர். விரலளவு மாந்தரும் கட்டிலும் கதவும் அவர் மேசைமேல் உள்ளன. முன்னோட்டத்தில் இச்சிற்றில்லங்களும் மெய்யான வீடும் அடுத்தடுத்து வைக்கப்பட, எது சிறிது எது பெரிது எனக் கண் தடுமாறுகின்றது. படத்தின் முதற் காட்சியிலேயே காமிரா சிற்றில்லத்து அறை ஒன்றனை மெல்ல நெருங்க, அவ்வறையே தமையன் உறங்கும் அறையாகிவிடுகின்றது. மாந்தர் பாவைகள், வேறு எவர் கையோ அவர்களை எடுத்து வைக்கின்றது. சிறுமியை நடுவிற் கண்டு மயங்கிய காண்போர்க்கு, அவளுக்கும் அப்பாலுள்ள அக்கையை முன்னோட்டம் முதன்முறையிலேயே காட்டிவிட்டிருந்தது.