விருந்து வித்துவானும் வீட்டு மேளமும்

சித்திரை பிறந்து வெயில் ஏறியதும் கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை புசார் வழியாகச் சுங்கை ஆயர் தாவார் வரையில் தோட்டத்துக் கோயில்களின் திருவிழாக்கள் ஒன்றையொன்று தொடர்ந்து வரும். அவ்விழாக்களின் அழைப்பிதழ்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒரு செய்தி புலப்படும். தமிழகத்திலிருந்து வரும் நாகசுரக் கலைஞரின் பெயர், பட்டங்கள் புடைசூழ, நடுவே பெரிய எழுத்தில் நிற்கும். அவருக்கு வாசிக்கும் தவில்காரர் அடுத்த வரியில் இருப்பார். ஆண்டு முழுவதும் அந்தச் சந்நிதியில் விடியலும் மாலையும் ஊதி வருபவர் 'மற்றும் உள்ளூர் மேளம்' என்னும் சொற்களுள் அடங்கிவிடுவார்.

விருந்தினர் வரக்கூடாது என்று வாதிடுவார் எவரும் இல்லை. காவிரிக் கரையின் பயிற்சியை நேரிற் கேட்கும் வாய்ப்பு இத்தோட்டங்களுக்கு ஆண்டில் சில இரவுகள்தாம் கிட்டுகிறது. ஆனால் வந்தவர் வாசிப்பை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது என்பதில்தான் கருத்துக் குழப்பம் நிலவுகிறது. விரைவும் ஓசையும் விரல் வித்தையுமே இன்று அளவுகோல். அவர் அருகில் நிற்கும் மேளம் அவரால் மேம்பட்டு ஒலித்ததா, மங்கி ஒலித்ததா என்று கேட்பார் அரியர்.

மேனாட்டார் இச்சிக்கலை வேறு வகையில் எதிர்கொண்டனர். இலண்டன் குயின்ஸ் ஹாலில் 1895ஆம் ஆண்டு தொடங்கிய கோடைகால 'புரோம்ஸ்' கச்சேரிகளை ஹென்றி வுட் நடத்தினார். அக்காலத்து வாத்தியக்காரர், கூடுதல் ஊதியம் கிடைக்கும் இடத்துக்குச் செல்ல நேர்ந்தால் ஒத்திகைக்குத் தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பிவிடுவர். ஒத்திகையில் ஒருவர், அரங்கில் மற்றொருவர் என்ற இந்த வழக்கத்தை ஒழிக்க வுட் முற்பட்டபோது ஏறத்தாழ நாற்பது பேர் பிரிந்து சென்றனர். 1904இல் இலண்டன் சிம்பனி இசைக்குழு பிறந்தது அப்பிரிவினால்தான். குழுவை இழந்தாலும் ஒத்திகையை இழக்க வுட் உடன்படவில்லை. கோலாலம்பூரில் 1998 முதல் வாசித்து வரும் மலேசியப் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்கும் வெளிநாட்டு நடத்துநரும் தனி வாத்தியக் கலைஞரும் விருந்தினராக வருவதுண்டு. அவர்களும் அரங்கேறுமுன் குழுவோடு அமர்ந்து ஒத்திகை பார்த்தாக வேண்டும். முன்னே சுரக்குறிப்பு ஏடு இருந்தும் இத்துணைப் பாடு.

நம் பெரிய மேளத்துக்கு ஏடும் இல்லை. கோல் பிடித்து நடத்துவோரும் இல்லை. தாளம் தட்டுபவரின் கையும், தலைமை நாகசுரக்காரரின் கண்ணசைவும், எல்லோரும் ஒரே பாடாந்தரத்தில் பயின்ற பழக்கமுமே அதனைக் கட்டி வைப்பன. ஏடு உடையவரே ஒத்திகை பார்க்கும்போது, ஏடு இல்லாதார் மாலையில் வந்திறங்கி இரவில் வாசிக்கத் தொடங்குவது துணிச்சல் எனலாம். இசை நெறி எனல் அரிது.

இதனால் நேரும் இடர்ப்பாடு முதலில் சுருதியிலேயே தலைகாட்டும். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் காலத்திற்குப்பின் நீண்டு தாழ்ந்த ஓசையுடைய பாரி நாயனமே எங்கும் பரவிவிட்டது. திமிரி நாயனம் அருகிப் போயிற்று. ஆயினும் பாரி என்று பெயர் இருந்தால் மட்டும் இரண்டு கருவிகள் இணைந்துவிடா. ஒன்று இரண்டு கட்டை, மற்றொன்று இரண்டரைக் கட்டை என்றால் இருவரும் ஒரு பல்லவியைச் சேர்ந்து எடுக்க இயலாது. சீவாளியோ நாணலால் ஆனது. கடலோரச் சதுப்பின் ஈரக்காற்றில் அதன் குணம் மாறும். உள்ளூர்க் கலைஞர் இதனைப் பட்டறிவால் அறிந்து, நாலைந்து சீவாளிகளை மாற்றி மாற்றி ஊதிப் பார்த்து ஒன்றைத் தேர்வார். வந்தவர்க்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே அவர் தம் இணைக்கருவியோடு தனியே வாசிப்பதும், உள்ளூரார் அவர் ஓய்வெடுக்கும் இடைவேளையை நிரப்புவதும் இயல்பாகிவிட்டன. ஒரே வீதியில், ஒரே இரவில், ஒன்றோடொன்று பேசாத இரண்டு மேளங்கள்!

தவிலுக்கு இத்தடை குறைவு. அதனாலேயே விருந்து என்னும் முறை தவிலில் தழைத்தது. 'ஸ்பெஷல் தவில்' என்னும் வழக்கத்துக்குப் புகழ் தேடித் தந்தவர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. மேளத்துக்குரிய தவில்களோடு, தனியே அழைக்கப்பெற்ற ஒருவர் சிறப்பாக அமர்ந்து வாசிப்பது இம்முறை. இப்பெயரை விரும்பும் இன்றைய இளைஞர் ஒன்றை நினைவிற் கொள்வது நலம். நீடாமங்கலத்தார் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் வாய்ப்பாட்டுக் கச்சேரிகளிலும் தவில் வாசித்தவர். வலக்கை விரல்களில் கூடுகளை மாட்டி, இடக்கையில் கழி ஏந்தி அடிக்கும் ஒரு கருவி, கூரையின் கீழ் ஒரு மனிதக் குரலுக்குத் துணை போவதென்றால் எவ்வளவு அடக்கம் வேண்டும்! அந்த அடக்கம்தான் அவரைச் சிறப்புக்குரியவர் ஆக்கிற்று. இந்நாளில் அச்சொல் பெரும்பாலும் ஒலிபெருக்கிக்கு மிக அருகில் அமர்பவரைக் குறிக்கிறது. நாகசுரக்காரர் இராகத்தை நிறுத்தி மூச்சு வாங்கும் இடைவெளியைக் கூட நிரப்பிவிடும் தவில்காரரைக் கூட்டம் கைதட்டி வரவேற்கிறது. அவ்வெளியும் இசையின் பகுதி என்று சொல்பவரைப் பழம்பஞ்சாங்கம் என்பர்.

கூட்டத்தையும் ஓரளவு குறைகூற வேண்டும். 'கொஞ்சும் சலங்கை' 1962இல் வெளிவந்தது. அதில் காருகுறிச்சி அருணாசலம் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து வாசித்த ஆபேரிப் பாட்டு இன்றுவரை எத்திருவிழாவிலும் கேட்கப்படுகிறது. அப்பாட்டின் பெருமையே குரலும் குழலும் ஒன்றற்கொன்று வழிவிட்டுச் செல்வதில் இருக்கிறது. கேட்பவர் பாட்டைக் கேட்கின்றனர். அந்தப் பண்பைக் கேட்பதில்லை.

விருந்தினரை முறையாகப் பயன்கொண்ட ஊர் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தன் திருவிழா இருபத்தைந்து நாள் நடைபெறும். சுற்றிலும் உள்ள கோயில்களின் விழாக்களும் அதற்கு முன்னும் பின்னும் வரும். தஞ்சை நாட்டு வித்துவான்கள் தலைமுறை தலைமுறையாக அங்குச் சென்று, பருவம் முழுவதும் தங்கி, உள்ளூர் மேளக்காரரோடு சேர்ந்து வாசித்தனர். பகலில் திண்ணையில் பாடம் நடந்தது. இரவில் வீதியில் அதற்குத் தேர்வு நடந்தது. அந்த மண்ணிலிருந்துதான் நாகசுரத்தில் அளவெட்டி என். கே. பத்மநாதனும், தவிலில் வி. தட்சிணாமூர்த்தியும் எழுந்தனர். 1933இல் பிறந்த தட்சிணாமூர்த்தி நாச்சியார்கோயில் இராகவப் பிள்ளையிடமும் பயின்றார். பின்னர்த் தமிழகத்து முன்னணி நாகசுரக்காரர்களே தேடி அழைக்கும் தவில்காரர் ஆனார். விருந்து பெற்ற ஊர் விருந்து கொடுக்கும் ஊராயிற்று. 1975இல் அவர் மறைந்தபோது அகவை நாற்பத்திரண்டையும் எட்டவில்லை. எஞ்சிய ஒலிப்பதிவுகளைக் கேட்போர், எண்ணற்ற சொற்கட்டுகளுக்கு இடையிலும் நாகசுரத்தின் கடைசிச் சுரம் தெளிவாக வந்து காதில் விழுவதைக் கவனிப்பார்கள். அம்ஷன் குமார் அவர் வாழ்வைப் படமாக எடுத்தார். அப்படம் 2015ஆம் ஆண்டுக்குரிய இந்திய தேசிய விருது பெற்றது.

சிலாங்கூர் வடபுலத்தின் நிலை வேறு என்பது உண்மையே. இங்கு வருபவர் சில நாள் அனுமதியில் வருகிறார். அடுத்த விமானத்தில் திரும்புகிறார். தோட்டங்களும் பழைய தோட்டங்கள் அல்ல. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக 1917இல் நடப்பட்ட தென்னமரம், இதே கோலசிலாங்கூர் வட்டாரத்தைச் சேர்ந்தது. அன்று இரப்பரும் தென்னையும் இருந்த பல இடங்களில் பின்னர்ச் செம்பனையே நிரம்பியது. லயன் வீடுகளிலிருந்த குடும்பங்கள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்தன. பல தோட்டங்களில் கோயில் மட்டும் நிற்க, பிள்ளைகள் திருவிழாவுக்கு மட்டும் கார்களில் வருகின்றனர். இந்நிலையில் நாகசுரம் கற்கும் ஓர் உள்ளூர்ச் சிறுவனுக்குத் தன் திறம் காட்டக் கிடைக்கும் அவை அந்தப் பத்து நாள்தான். அதையும் விருந்தினர்க்கே ஒதுக்கிவிட்டால், அவன் குழலை உறையிலிட்டு வேறு வேலைக்குப் போவதைத் தடுக்க யாரால் முடியும்?

கோயில் நிருவாகத்தார் செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியம் அன்று. விருந்தினரை விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக வரவழைத்தல் வேண்டும். உணவும் தங்குமிடமும் போக மிகுவது சில நூறு வெள்ளியே. பட்டாசுக்கு ஆகும் தொகையைவிடக் குறைவாகவே இருக்கும். அவ்விரு நாளில் மல்லாரியையும், சுவாமி வீதிவலம் வரும்போது எடுக்கும் இரண்டொரு கீர்த்தனைகளையும் இரு மேளமும் ஒரே பாடாந்தரத்தில் பழகிக்கொள்ளலாம். சுருதி இணையும் கருவியை முன்கூட்டியே கேட்டெழுதிப் பெறலாம். உள்ளூர்த் தவில்காரருக்கு, விருந்தினர்க்கு எதிரே ஒரு தனி ஆவர்த்தனம் ஒதுக்கலாம். அழைப்பிதழில் அவர் பெயரை அச்சிட ஒரு காசும் கூடுதலாகாது.

கொடியிறங்கிய மறுநாள் விருந்தினர் விமானம் ஏறியிருப்பார். பந்தல் பிரித்தபடி இருக்க, காலைப் பூசைக்கு அதே உள்ளூர் நாகசுரக்காரர் வந்து பூபாளம் எடுப்பார். முந்திய இரவுகளில் கேட்ட ஒரு பிடியேனும் அவர் குழலில் ஏறியிருக்கிறதா என்பதை, அந்த நேரத்தில் சந்நிதியில் நிற்கும் நாலைந்து பேர் கேட்டுச் சொல்லலாம்.