காஞ்சியைக் காணும் கண்

திருவொற்றியூரில் சங்கிலியாருக்குத் தந்த உறுதியை மீறிய சுந்தரர் இரு கண்களையும் இழந்தார். காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண்ணைப் பெற்றார். பெரியபுராணம் கூறும் இவ்வரலாறு அடியார்க்கு அருட்செயல். இலக்கியம் கற்போர்க்கோ அது வேறொன்றையும் நினைவூட்டும். கோயில் நகரம் ஒன்றிற்குச் செல்லக் கால்கள் போதும். அதனைக் காணக் கண் வேண்டும். காஞ்சிபுரத்துக் கோயில்களைப் பற்றித் தமிழில் எழுந்துள்ள பயணக் கட்டுரைகள் மிகப் பல. அவற்றுள் சென்று எழுதியவை எத்தனை, கண்டு எழுதியவை எத்தனை என்பது திறனாய்வு கேட்க வேண்டிய வினாவாகும்.

இருவகைப் பழக்கம்

இக்கட்டுரைகளில் இரண்டு பழக்கங்கள் வேரூன்றி நிற்கின்றன. ஒன்று, தலபுராணத்தை மீண்டும் சொல்லுதல். மாமரத்தடியில் அம்மை மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்டதும், கம்பையாறு பெருகி வந்தபோது அதனைத் தழுவிக் காத்ததும் ஒவ்வொரு கட்டுரையிலும் ஏறத்தாழ ஒரே சொற்களில் வருகின்றன. மற்றொன்று, அளவுகளை அடுக்குதல். ஏகாம்பரநாதர் கோயிலின் இராசகோபுரம் 1509-இல் கிருட்டிணதேவராயர் எடுத்தது. அதன் உயரம் ஏறத்தாழ 190 அடி. வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் கல்லால் ஆன சங்கிலி தொங்குகிறது என்று பட்டியல் நீளும். 2019-இல் அத்தி வரதர் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டு 48 நாள்கள் காட்சி தந்தபோதும், எழுந்த எழுத்துகளுட் பல கூட்டத்தின் பெருக்கத்தைச் சொல்வதோடு அமைந்தன.

இவ்விரண்டும் பிழையல்ல. ஒற்றை மாமரத்தின் கதையை அறியாதவர்க்கு ஏகாம்பரம் என்னும் பெயரே விளங்காது. ஆண்டும் அளவும் இன்றி வரலாறும் இல்லை. கட்டுரை அங்கேயே நின்றுவிடுவதுதான் குறை. முன்னதில் எழுதுபவர் கேட்டதைச் சொல்கிறார். பின்னதில் படித்ததைச் சொல்கிறார். கோயிலின் முன் நின்ற ஒருவர் கண்டது என்ன என்பது இரண்டிலும் இல்லை.

பழைய வழிகாட்டி

தமிழில் காஞ்சிக்கு வழிகாட்டிய பழைய நூல் பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனிடம் பாணன் ஒருவனை ஆற்றுப்படுத்தும் பொருட்டுக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது அது. அதன் 500 அடிகளுள் நகரம் வருவது பிற்பகுதியில்தான். அதற்கு முன் உப்பு வணிகரின் வண்டிகள், எயினரின் குடில்கள், ஆயர், உழவர், வலைஞர் என வழியெங்கும் மக்களே நிறைந்திருக்கின்றனர். அவர்கள் உண்பதும் விருந்தினர்க்கு அளிப்பதும் நுட்பமாகக் கூறப்படுகின்றன. திருவெஃகாவில் பாம்பணையில் பள்ளிகொண்ட திருமாலும் அந்த வழியிலேயே காட்டப்படுகிறான். தெய்வத்தையும் மக்களையும் பிரித்துப் பார்க்காத நோக்கு அது.

இன்றைய கட்டுரைகளில் கோயில் உண்டு, ஊர் இல்லை. பட்டு நெய்யும் தறிகளின் ஒலி கேட்கும் தெருக்களைக் கடந்தே காஞ்சிக் கோயில்களுக்குச் செல்கின்றனர். ஆயினும் நெசவாளர் எவரும் அக்கட்டுரைகளுள் நுழைவதில்லை. ‘வேங்கடம் முதல் குமரி வரை’ எழுதிய தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் சிற்பத்தையும் சுவையான செய்திகளையும் கோயிற் கட்டுரைக்குள் கொணர்ந்தவர். அவரைப் பின்பற்றியோர் அவருடைய நடையை எளிதிற் கைக்கொண்டனர். சிற்பத்தின் முன் நிற்கும் அவருடைய பொறுமையைக் கைக்கொண்டவர் சிலரே.

இரு சான்றுகள்

கயிலாசநாதர் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் இராசசிம்மன் மணற்கல்லால் எடுத்தது. திருச்சுற்றின் உட்புறத்தே வரிசையாக அமைந்த சிற்றாலயங்களைக் கட்டுரையாளர் தவறாது குறிப்பர். ஆனால் அங்குள்ள தூண் ஒன்றில் கன்னட மொழியில் ஒரு கல்வெட்டு இருப்பதை அவர்களுட் பலர் குறிப்பதில்லை. காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதனைக் கவராது இறைவனுக்கே திரும்ப அளித்த செய்தியை அது கூறுகிறது. அவனுடைய வெற்றியின் நினைவாக அவன் தேவி உலோகமாதேவி பட்டடக்கல்லில் எடுத்த கோயிலில் காஞ்சிக் கோயிலின் சாயலை அறிஞர் காண்கின்றனர். வென்றவன் வென்ற நகரின் கலைக்குத் தலைவணங்கிய இடம் அது.

இச்செய்தி விடுபடுவதற்குக் காரணம் உண்டு. பல்லவர் தலைநகர் பகைவர் கைப்பட்டதைச் சொல்லப் பெருமிதம் இடந்தருவதில்லை. தலபுராணத்திலோ அதற்கு வேலையே இல்லை.

மற்றொரு சான்று சேக்கிழாருடையது. காடவர் கோன் காஞ்சியில் கற்றளி எழுப்பி நாட்குறித்தபோது, நின்றவூர்ப் பூசலார் உள்ளத்தில் எடுத்த கோயிலில் புகுவதே அந்நாள் எனக் கூறி, இறைவன் மன்னனது நாளைத் தள்ளிவைக்கச் செய்தான். அக்கற்றளி கயிலாசநாதர் கோயிலே எனக் கருதுவோர் பலர். பகை மன்னன் பொன்னைத் திருப்பித் தந்து போற்றிய கோயிலை, பொன்னும் கல்லும் இல்லாத கோயிலுக்குப் பின் நிறுத்தினார் தமிழ்ப் புலவர். இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணி அந்த மண்டபத்தில் நிற்பவர்க்கு, அங்குள்ள கல் வேறு கல்லாகும். அரசின் ஆற்றல் எதுவரை செல்லும், அன்பின் ஆற்றல் எங்கே தொடங்கும் என்னும் வினா அவர்முன் எழும்.

சுவரில் எழுதிய வரலாறு

வைகுந்தப் பெருமாள் கோயிலின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இரண்டாம் நந்திவர்மன் எடுத்த அக்கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறே சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. அரசுரிமைக்கு ஆளின்றிப் போன நாளில், காஞ்சியிலிருந்து சென்றோர் இரணியவர்மனிடம் மன்னன் ஒருவனை வேண்டியதும், மூத்த மைந்தர் மறுக்கப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் இசைந்து எழுந்ததும் அங்கே காட்சிகளாக உள்ளன. சில காட்சிகளோடு எழுத்துப் பொறிப்புகளும் உண்டு. டாக்டர் சி. மீனாட்சி இவற்றை முறையாக ஆராய்ந்து எழுதிய நூல் 1941-இல் வெளிவந்தது. அதற்குப் பின்னும், “சுவரெங்கும் அழகிய சிற்பங்கள்” என்னும் ஒரு தொடரோடு கடந்து செல்லும் கட்டுரை, திறந்து கிடக்கும் நூலை மூடிவைக்கிறது. மணற்கல் தேய்ந்து வருவது. படிப்பார் இன்றிப் போன சுவர், தேயுமுன்பே மறைந்த சுவராகும்.

கோயில் வழிபடுதற்கே அன்றி ஆராய்தற்கு அன்று என்பார் உளர். அவர்க்கு விடை அக்கோயிலிலேயே இருக்கிறது. பரமேச்சுர விண்ணகரம் என்று அதனைப் பாடிய திருமங்கையாழ்வார், திருமாலின் புகழோடு பல்லவனின் போர்களையும் அப்பதிகத்திலேயே வைத்தார். வரலாற்றை உள்ளே விட்டதால் அவருடைய பக்தி குறைந்துவிடவில்லை.

காஞ்சி சைவ வைணவங்களுக்கு மட்டும் உரிய நகரமும் அன்று. மணிமேகலை அறங்கேட்டுத் தவம் பூண்டது அங்கேதான். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் இன்றும் ஓவியங்களோடு நிற்கிறது. இவற்றை விட்டு எழுதுவோர் காஞ்சியின் ஒரு பாதியை மட்டுமே காட்டுவோராவர்.

கோயிற்பயணத்தைக் கட்டுரையாக எழுதப் பணிக்கும் ஆசிரியர், மாணவரிடம் முதலிற் கேட்க வேண்டியது கோபுரத்தின் உயரத்தை அன்று. எந்தச் சிற்பத்தின் முன் நீண்ட நேரம் நின்றாய், எதனால் நின்றாய் என்பதையே கேட்க வேண்டும். அவ்வினாவுக்கு விடை எழுதத் தொடங்கும் மாணவர் பிறர் நூலை நோக்கார். தாம் கண்டதையே நினைப்பார்.

காஞ்சியில் சுந்தரர் பெற்றது ஒரு கண்ணே. மற்றொன்றைத் திருவாரூர் சென்றே பெற்றார். தமிழ்ப் பயணக் கட்டுரைக்குப் பக்தி என்னும் கண் எப்போதோ வாய்த்துவிட்டது. ஆய்வு என்னும் மற்றொரு கண்ணையும் பெறும்வரை அதன் பயணம் முற்றுப்பெறாது.